உரிமை துறவாத அரசி

இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் பெயரைக் கேட்டதும் அவன் மணந்த ஆறு மனைவியரே பலருடைய நினைவுக்கும் வருவர். அறுவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இன்னவள் தள்ளப்பட்டாள், இன்னவள் வெட்டுண்டாள் என்று எண்ணிச் சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிப்போன ஒன்று. ஆயின், காலக் கணக்கை நோக்கும்போது இவ்வரிசை நம்மை மயக்குகின்றது என்பது புலனாகும். ஹென்றி அரசாண்டது ஏறக்குறைய 38 ஆண்டுகள். அவற்றுள் முதல் 24 ஆண்டுகளும் அவனுக்கு வாழ்க்கைத் துணையாக இருந்தவள் ஒருத்தியே. ஏனைய ஐவரும் எஞ்சிய 14 ஆண்டுகளுக்குள் வந்து போனவர்கள். அந்த முதல் மனைவியே அரகன் நாட்டுக் கதரீன்.

அவளுடைய வரலாற்றைக் கணவனாற் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயரக் கதையாக மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. அத்துயரம் உண்மையே, ஆயினும் அது வரலாற்றின் கடைக்கூறு மாத்திரமே. தூதுவராகவும், நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராகவும், கல்வியின் புரவலராகவும் விளங்கிய ஒருத்தி, தன் ஐம்பதாண்டு வாழ்வின் இறுதியிலே ஒரேயொரு பட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்தாள். அம்மறுப்பு ஒரு நாட்டின் சமயத்தையும் சட்டத்தையும் மாற்றி அமைத்தது. தான் மறுத்தது சரிதானா என்ற வினா, மரணப் படுக்கையில் அவளையே வருத்தியது. அவ்வினாவை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அவளுடைய வாழ்வைத் தொடக்கத்திலிருந்தே காண்டல் வேண்டும்.

1485ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆந் திகதி, ஸ்பானியாவின் அல்கலா டி எனாரஸ் என்னும் நகரிலே கதரீன் பிறந்தாள். தந்தை அரகன் மன்னன் பேர்டினன்ட். தாய் கஸ்தீல் நாட்டைத் தன் சொந்த உரிமையால் ஆண்ட இசபெல்லா. இசபெல்லா அந்தப்புரத்தில் அடங்கியிருந்த அரசியல்லள். பாசறைகளுக்குத் தானே சென்று படைக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக் கொடுத்தவள். வளர்ந்த பின்னர் இலத்தீன் மொழியைக் கற்கத் தொடங்கியவள். தான் இளமையிற் பெறாத கல்வியைத் தன் பெண்மக்கள் பெறவேண்டும் என்று கருதி, அறிஞர்களை அமர்த்தி அவர்களுக்குக் கற்பித்தாள். 1492 ஜனவரியிலே கிரனாடா நகரம் இசபெல்லாவின் படைக்குப் பணிந்தபோது கதரீனுக்கு வயது ஆறு. அந்நகரின் சின்னமான மாதுளங்கனியே பிற்காலத்தில் கதரீனின் சின்னமாயிற்று.

அவளுடைய தமக்கையருள் மரியா என்பவள் போர்த்துக்கல் மன்னன் மனுவேலை மணந்தாள். 1505ஆம் ஆண்டளவிலே போர்த்துக்கேயர் முதன்முதல் இலங்கைக் கரையை அடைந்த காலத்தில் அந்நாட்டின் அரசியாக வீற்றிருந்தவள் அவளே. மற்றொரு தமக்கையான யுவானாவின் மகன், பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட ஐந்தாம் சாள்ஸ் பேரரசன். இந்த உறவு கதரீனின் வாழ்விலே பெரும் விளைவை உண்டாக்கியது.

கதரீன் பிறந்த அதே ஆண்டிலேதான் தியூடர் வமிசம் இங்கிலாந்தின் அரியணையைப் பெற்றது. போர்க்களத்திலே முடியைக் கைப்பற்றிய ஏழாம் ஹென்றிக்குப் புகழ்பெற்ற அரச குடும்பமொன்றின் உறவு வேண்டியிருந்தது. ஸ்பானியாவுக்குப் பிரான்சுக்கு எதிராக ஒரு துணை வேண்டியிருந்தது. இவ்விரு தேவைகளும் கூடி, மூன்று வயதுக் குழந்தையை அவளிலும் இளையவனான இளவரசன் ஆதருக்கு 1489ஆம் ஆண்டில் நிச்சயம் செய்தன. 1501 ஒக்டோபரில் அவள் இங்கிலாந்தின் பிளிமத் துறையில் வந்திறங்கினாள். நவம்பர் 14ஆந் திகதி இலண்டன் சென்ட் போல் பேராலயத்திலே திருமணம் பெருஞ் சிறப்புடன் நிறைவேறியது. மணமகனுக்கு வயது பதினைந்து. மணமகளுக்குப் பதினாறு நிறையவில்லை. ஐந்து மாதங்களும் முடியவில்லை. 1502 ஏப்ரல் 2ஆந் திகதி, வேல்ஸ் எல்லையிலுள்ள லட்லோ கோட்டையிலே ஆதர் நோயுற்று இறந்தான்.

பதினாறு வயதிற் கைம்பெண்ணான இளவரசியை என்ன செய்வது? அவளுக்குச் சீதனமாகப் பேசப்பட்ட தொகை 200,000 கிரவுண். அதிற் பாதியே அதுவரையிற் கொடுக்கப்பட்டிருந்தது. பெற்ற பாதியைத் திருப்பிக் கொடுக்க ஏழாம் ஹென்றிக்கு மனமில்லை. மீதிப் பாதியைக் கொடுக்கப் பேர்டினன்டுக்கு அவசரமில்லை. ஆகவே ஆதரின் தம்பியான ஹென்றிக்கே அவளை மணம் முடிப்பதென 1503இல் உடன்படிக்கையாயிற்று. தமையன் மனைவியைத் தம்பி மணப்பதற்குத் திருச்சபையின் விலக்களிப்பு வேண்டும். அதனைப் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் வழங்கினார். ஆனால், 1504இல் இசபெல்லா இறக்கவே கதரீனின் மதிப்புங் குறைந்தது. மணப்பேச்சுத் தள்ளிப்போடப்பட்டது. அவளுடைய வீட்டுச் செலவுக்குப் பணம் ஒழுங்காக வரவில்லை. பணியாளருக்குச் சம்பளங் கொடுக்க வழியின்றித் தன் வெள்ளிப் பாத்திரங்களை விற்றும் அடகு வைத்தும் காலங் கழித்தாள். தந்தைக்கு அவள் எழுதிய கடிதங்கள், உடுக்கும் உடைக்கும் இடர்ப்பட்ட ஓர் அரசகுமாரியின் நிலையைக் காட்டுகின்றன.

இரண்டு மன்னர்களின் பணப்பேராசைக்கு நடுவே ஓர் இளம்பெண் பணயப்பொருளாக இருந்த ஏழாண்டுகள் அவை. வேறொருத்தியாயின் மனமுடைந்திருப்பாள். கதரீனோ அக்காலத்தைக் கல்விக்கூடம் ஆக்கிக்கொண்டாள். 1507ஆம் ஆண்டில் தந்தை அவளையே இங்கிலாந்திலுள்ள ஸ்பானியத் தூதுவராக நியமித்தான். ஐரோப்பிய வரலாற்றிற் பெண்ணொருத்தி தூதுவர் பதவி வகித்த முதல் நிகழ்ச்சியென இதனை அறிஞர் பலர் கூறுவர். யாருடைய சொல்லை நம்பலாம், யாருடைய சிரிப்பை நம்பலாகாது, எப்போது பேசவேண்டும், எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பவற்றை அவள் அங்கே கற்றாள். வறுமையிலும் விட்டுக்கொடுக்காத உறுதி அவளிடத்தே வேரூன்றியதும் அக்காலத்திலேயே.

1509 ஏப்ரலில் ஏழாம் ஹென்றி இறந்தான். பதினெட்டு வயது நிறையாத புதிய மன்னன், ஜூன் 11ஆந் திகதி கிரீன்விச்சிலே கதரீனை மணந்தான். அதே மாதம் 24ஆந் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இருவருக்கும் ஒருங்கே முடிசூட்டப்பட்டது. அவளுக்கு வயது இருபத்துமூன்று. ஆடலும் வேட்டையும் விரும்பிய இளங்கணவனுக்கு அவள் துணைவியாக மட்டுமன்றி, முதல் சில ஆண்டுகளில் அரசியல் ஆலோசகராகவும் இருந்தாள்.

அவளுடைய ஆற்றல் 1513இலே வெளிப்பட்டது. ஹென்றி பிரான்சின்மேற் படையெடுத்துச் சென்றபோது நாட்டை ஆளும் பொறுப்பை மனைவியிடமே ஒப்படைத்தான். அரசன் இல்லாத வேளை பார்த்து ஸ்கொத்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸ் வடக்கெல்லையைக் கடந்து வந்தான். கதரீன் படை திரட்டினாள். பீரங்கியும் பணமும் வடக்கே போகச் செய்தாள். தானும் ஒரு படையுடன் வடதிசை நோக்கிப் புறப்பட்டாள். செப்டெம்பர் 9ஆந் திகதி பிளொடன் களத்திலே சறே பிரபுவின் தலைமையில் ஆங்கிலப் படை வென்றது. ஸ்கொத்லாந்து மன்னனும் அவனுடைய பிரபுக்கள் பலரும் அங்கே மாண்டனர். இறந்த மன்னனுடைய மேலாடையின் ஒரு பகுதியைக் கதரீன் பிரான்சிலிருந்த கணவனுக்கு அனுப்பிவைத்தாள். உடலையே அனுப்ப எண்ணியதாகவும், ஆங்கிலேயர் மனம் அதற்கு இடந்தரவில்லை எனவும் அவனுக்கு எழுதினாள். மென்மையே உருவானவளென்று அவளைச் சித்திரிப்போர் இக்கடிதத்தை மறந்துவிடுகின்றனர். அவள் இசபெல்லாவின் மகள்.

அதே கதரீன் இரக்கத்திலும் குறைந்தவளல்லள். 1517ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இலண்டனிலே தொழில் பழகும் இளைஞர்களும் பிறரும் திரண்டு, பிறநாட்டு வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த வீடுகளைத் தாக்கினர். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர், தலைவர்கள் சிலர் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோரின் உயிருக்காகக் கதரீன் அரசன்முன் மண்டியிட்டு மன்றாடினாள் என்று அக்காலக் கடிதமொன்று கூறுகின்றது. கலகக்காரர் வெறுத்தது பிறநாட்டாரை. அவர்களுக்காக மண்டியிட்டவளோ பிறநாட்டிற் பிறந்தவள். இலண்டன் மக்கள் அதனை மறக்கவில்லை. பின்னாளில் அவள் துன்புற்றபோது தெருவிலே திரண்டு அவளை வாழ்த்தியவர்கள் அவர்களே.

கல்வியை அவள் போற்றியமைக்கும் சான்றுண்டு. இராஸ்முஸ் போன்ற பேரறிஞர் அவளுடைய படிப்பை வியந்தனர். ஸ்பானிய அறிஞரான யுவான் லூயிஸ் விவேஸ், கிறித்தவப் பெண்களின் கல்வி பற்றி எழுதி 1524இல் வெளியிட்ட இலத்தீன் நூலை அவளுக்கே உரிமையாக்கினார். தன் மகள் மேரியின் கல்வியை அவள் தானே மேற்பார்வை செய்தாள். நாட்டை ஆளவேண்டிய பெண்ணுக்கு ஆண்மகனுக்குரிய கல்வியே தரப்படவேண்டும் என்பது தாயிடமிருந்து அவள் பெற்ற கொள்கை.

ஆயினும், ஆண்மகவு வேண்டி நின்ற அரசனுக்கு இவை போதவில்லை. 1511ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளிலே ஓர் ஆண்குழந்தை பிறந்தது. நாடெங்கும் மணிகள் ஒலித்தன. ஐம்பத்திரண்டு நாட்களில் அக்குழந்தை மறைந்தது. கருவுற்றும் இழந்தும், பெற்றும் பறிகொடுத்தும் அவள் பட்ட வேதனை பெரிது. 1516 பெப்ரவரி 18ஆந் திகதி பிறந்த மேரி ஒருத்தியே உயிரோடு வளர்ந்தாள். 1518இற்குப் பின்னர்க் கதரீனுக்குக் குழந்தை உண்டாகவில்லை. பெண்ணொருத்தி அமைதியாக நாட்டை ஆளமுடியும் என்பதை ஹென்றி நம்பவில்லை. தன் தாயின் ஆட்சியைக் கண்ணாற் கண்ட கதரீனுக்கோ அதில் ஐயமே இருக்கவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே விழுந்த பிளவின் வேர் இங்கேதான் இருந்தது.

1527ஆம் ஆண்டளவில் ஹென்றியின் மனத்தை ஆன் பொலின் என்னும் அரண்மனைத் தோழி கவர்ந்திருந்தாள். தமையன் மனைவியை மணப்பவன் பிள்ளைப்பேறின்றி இருப்பான் என்னும் வேதாகம வாக்கைக் காட்டி, தன் திருமணம் கடவுளுக்கு உடன்பாடற்றது என்று அரசன் வாதித்தான். கதரீனின் மறுமொழி சுருக்கமானது. ஆதரோடு தான் மனைவியாக வாழ்ந்ததே இல்லையென்றும், கன்னியாகவே ஹென்றியின் கைப்பிடித்தாள் என்றும் அவள் சாதித்தாள். அது உண்மையாயின் அரசனின் வாதத்துக்கு அடித்தளமே இல்லை.

தீர்ப்புக் கூறவேண்டியவர் பாப்பரசர் ஏழாம் கிளெமென்ற். அவரோ கட்டுண்டிருந்தார். 1527 மே மாதத்திலே உரோமாபுரியைச் சூறையாடியது, கதரீனின் தமக்கை மகனான ஐந்தாம் சாள்ஸ் பேரரசனின் படை. பேரரசனையும் பகைக்க இயலாது, இங்கிலாந்து மன்னனையும் பகைக்க இயலாது என்ற நிலையிற் பாப்பரசர் காலத்தைக் கடத்தினார். அவர் அனுப்பிய கருதினால் கம்பேஜியோ 1528இல் இங்கிலாந்துக்கு வந்து, கதரீன் கன்னியர் மடத்திற் சேர்வதே யாவருக்கும் நலம் என எடுத்துரைத்தார். மடத்திற் சேர்ந்தால் மதிப்போடும் வசதியோடும் வாழலாம். மகளின் உரிமைக்கும் ஏதம் வராது என்று நயந்து கூறப்பட்டது. திருமணத்துக்கே தன்னைக் கடவுள் அழைத்தார் என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாள்.

1529 ஜூன் 21ஆந் திகதி, இலண்டன் பிளாக்பிரயர்ஸ் மடத்திலே கூடிய திருச்சபை நீதிமன்றத்தில் அரசனும் அரசியும் முன்னிலையாயினர். பெயர் சொல்லி அழைத்ததும் கதரீன் எழுந்தாள். நீதிபதிகளான கருதினால்மாரை அவள் நோக்கவில்லை. கூட்டத்தைக் கடந்து சென்று கணவனின் காலடியிலே மண்டியிட்டாள். தான் பிறநாட்டுப் பெண் என்றும், இங்கே தனக்கு நடுநிலையான ஆலோசகர் இல்லையென்றும், இருபதாண்டு உண்மையான மனைவியாக இருந்தவள் என்றும் எடுத்துச் சொன்னாள். தான் கன்னியாக வந்ததை அவனே அறிவான் என்று கூறி, உண்மையை அவனுடைய மனச்சாட்சிக்கே விட்டாள். ஹென்றி வாய் திறக்கவில்லை. அவள் எழுந்து வணங்கி மன்றத்தை விட்டு வெளியே நடந்தாள். மும்முறை அழைத்தும் திரும்பிப் பார்த்தாளில்லை. அரசனுடைய நாட்டில், அவன் நியமித்த அறிஞர் நடுவே, அவள் உரோமாபுரியின் தீர்ப்பையே வேண்டி நின்றாள். வழக்கும் அவ்வாண்டிலேயே அங்கு மாற்றப்பட்டது.

1531 ஜூலையில் ஹென்றி விடைசொல்லாமலே வின்சர் மாளிகையை விட்டுப் புறப்பட்டான். அதன் பின்னர் அவள் அவனைக் காணவேயில்லை. மகளும் அவளிடமிருந்து பிரிக்கப்பட்டாள். 1533இலே வழக்குகளை உரோமாபுரிக்குக் கொண்டுசெல்வதைப் பாராளுமன்றம் தடைசெய்தது. அவ்வாண்டு மே 23ஆந் திகதி பேராயர் கிரன்மர் கதரீனின் திருமணம் செல்லாதென அறிவித்தார். ஆன் பொலினுக்கு முடிசூட்டப்பட்டது. கதரீன் இனி அரசியல்லள், ஆதரின் கைம்பெண்ணான இளவரசி மட்டுமே என்று கட்டளை பிறந்தது.

அந்த ஜூலை மாதத்தில், அம்தில் என்னும் ஊரிலே காலிற் காயமும் கடும் இருமலுமாகப் படுத்திருந்த அவளிடம் அரசனுடைய தூதுக்குழு வந்தது. புதிய பட்டத்தை ஏற்காவிடின் மகளுக்கும் பணியாளருக்கும் தீங்கு நேரும் என்று அச்சுறுத்தினர். மகளுக்காகவோ உடைமைக்காகவோ தன் ஆன்மாவைப் பழிக்குள்ளாக்க மாட்டேன் என்றாள். அவர்கள் எழுதிய அறிக்கையை வாங்கிப் பார்த்தாள். கைம்பெண் இளவரசி என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். படையும் பணமும் பதவியும் போன பின்னர் அவளிடம் எஞ்சியிருந்த கருவி அந்தப் பேனா ஒன்றே.

அதே ஆண்டு டிசம்பரிற் சபக் பிரபு வந்து அவளை வேறிடத்துக்குக் கொண்டுபோக முயன்றபோது, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, கொண்டுபோவதாயின் கதவை உடைத்துவிட்டுக் கொண்டுபோகுமாறு உள்ளிருந்தே கூறினாள். அயற் கிராமத்தவர் வெளியே கூடி நின்றனர். பிரபு வெறுங்கையோடு திரும்பினான். 1534 மார்ச்சிலே பாப்பரசர் அவளுடைய திருமணம் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு அவளுக்கு உதவும் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரிற் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அரசனே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனானான். அதனை ஏற்க மறுத்த மேற்றிராணியார் ஜோன் பிஷரும், அறிஞர் தோமஸ் மோரும் 1535இலே தலை துணிக்கப்பட்டனர். வழக்கு மன்றத்திலே கதரீனுக்காக அஞ்சாது வாதாடியவர் பிஷர்.

இங்கேதான் அவளுடைய குணத்தை எடைபோடும் கேள்வி எழுகின்றது. கம்பேஜியோ சொன்னபடி அவள் மடத்திற் சேர்ந்திருந்தால், உரோமாபுரியுடன் பிளவு நேராமலே போயிருக்கலாம். பிஷரும் மோரும் உயிரோடிருந்திருக்கலாம். மகள் தாயை இழந்து வாடியிருக்கமாட்டாள். கதரீனின் உறுதியிலே அரச குலத்துப் பெருமிதமும் கலந்திருந்தது என்பதை மறுத்தலாகாது. ஆனால், மறுபக்கமும் உண்டு. உலகறிய நடந்த திருமணத்தைத் திருமணமன்று என ஒப்புவது, அவள் அறிந்த வரையிற் பொய். அப்பொய்யைச் சொன்னால் மகள் முறையற்ற பிறப்பினள் ஆவாள். பேரரசனின் தூதுவர் சப்புய் கலகத்தையும் படையெடுப்பையும் பற்றிப் பேசியபோது, தன் பொருட்டு இந்நாட்டில் இரத்தஞ் சிந்துவதற்கு அவள் இசையவில்லை. தன் உரிமையை விடமாட்டாள்; அதனைப் பிறர் இரத்தத்தால் வாங்கவும் மாட்டாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிலேயே அவள் நடந்தாள்.

அவ்வழியின் முடிவு கிம்போல்டன் கோட்டை. சில பணிப்பெண்களோடு ஓரிரு அறைகளுக்குள் வாழ்ந்தாள். நஞ்சுக்கு அஞ்சி உணவை அவளுடைய கண்ணெதிரிலேயே சமைத்தார்கள். மகள் நோயுற்றபோது தன் கையால் மருந்தூட்ட விரும்பி இரந்து கேட்டாள், அரசன் அனுமதிக்கவில்லை. 1536 ஜனவரித் தொடக்கத்தில், ஸ்பானியாவிலிருந்து வந்த அவளுடைய தோழி மரியா டி சலினாஸ், அனுமதிச்சீட்டு இல்லாமலே குளிரிற் குதிரையேறி வந்து அவளைச் சேர்ந்தாள். சப்புய் தூதுவரும் வந்து நான்கு நாட்கள் தங்கினார். அப்போது கதரீன் அவரிடம் ஒன்று கேட்டாள். இந்நாட்டிலே சமயப் பிளவு உண்டானதற்கும் நல்லோர் மாண்டதற்கும் தன்னுடைய வழக்குத்தான் காரணமோ என்பதே அது. தூதுவர் ஆறுதல் சொல்லி அவளைத் தேற்றினார். தன் செயலால் விளைந்த கேட்டை எண்ணி ஹென்றி இவ்வாறு கலங்கியதாக வரலாறு சொல்லவில்லை. குற்றமற்றவளே தன் மனச்சாட்சியைச் சோதித்தாள்.

ஜனவரி 7ஆந் திகதி கதரீன் இறந்தாள். அரசனின் கட்டளைப்படி ஆதரின் கைம்பெண்ணாகவே அவளைப் பீற்றர்பரோ மடாலயத்தில் அடக்கஞ் செய்தனர். நான்கு மாதங்கள் கழித்து ஆன் பொலினின் தலையும் வெட்டுண்டது. 1553இலே மேரி அரியணை ஏறியதும் பாராளுமன்றம் அவளுடைய தாயின் திருமணம் செல்லுமெனச் சட்டம் இயற்றியது. ஆனால், இளமையிலே பட்ட புண் ஆறாத அம்மகளின் ஐந்தாண்டு ஆட்சியில் ஏறக்குறைய 280 புரட்டஸ்தாந்தர் நெருப்பிலிடப்பட்டனர். அதற்கு வேறு காரணங்களும் உள. ஆயினும், தாய்க்கும் மகளுக்கும் இழைக்கப்பட்ட கொடுமையின் நிழல் அதிலே விழவில்லை என்று சொல்ல இயலாது.

கதரீன் வெற்றி பெறவில்லை. வழக்கிலே அவள் பெற்ற தீர்ப்பும் அவளுக்குப் பயன்படவில்லை. எனினும், அச்சுறுத்தலுக்கும் ஆசைகாட்டலுக்கும் இடையே ஒரு மனிதரின் மனம் எவ்வளவு தூரம் தன்னைத்தான் காத்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு அவளுடைய வாழ்வு ஓர் அளவுகோல். பீற்றர்பரோ மடாலயம் பின்னர்ப் பேராலயமாயிற்று. அங்கே அவளுடைய கல்லறையின்மேல் இன்று பெரிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருப்பது, இங்கிலாந்தின் அரசி கதரீன் என்பதே. அதன்மீது மக்கள் மாதுளங்கனிகளை வைத்துச் செல்கின்றனர்.